மதிலுக்கு மேலே மூன்று அடி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் சில தனி வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. முன்னால் ஒரு கேற், பின்னால் ஏழெட்டு அடி அகலத்தில் முற்றம், அதில் ஒரு கிணறு, உடுப்புக் காயப்போடும் கொடி, சுற்றிவர ஆறடி மதில். அந்த வீடுகள் எழுந்த காலத்தில் ஆறடி தாராளம். பக்கத்து வளவிலும் ஒரு தட்டு வீடுதான் இருந்தது. அங்கே நிற்பவரின் தலைகூட இந்தப் பக்கம் தெரியாது. இன்று அந்த வளவில் அடுக்குமாடி நிற்கிறது. முதலாம் மாடிக் குசினி ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே இந்த வீட்டுக் கிணற்றடி.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓடாவி ஒருவருக்கு இந்த வீடுகளிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணை, பின் மதிலுக்கு மேல மூண்டடிக்குப் பலகை அடிச்சுத் தர ஏலுமே?"

அவருடைய பதிலும் மாறுவதில்லை. "செய்யலாம் அக்கா. ஆனா மதில் மேல ஏத்த மாட்டேன். மதிலுக்குப் பக்கத்துல, சொந்தக் கால்ல நிக்கிற மாதிரி செஞ்சு தாரேன்."

அறுபதைத் தாண்டியவர். தகப்பனும் மரவேலைக்காரர். கதவு, நிலை, கூரைமரம், அலமாரி என்று எல்லாம் செய்த கை அவருடையது. ஆனால் தளபாடம் மொறட்டுவையிலிருந்து செய்தபடியே வந்து இறங்குகிறது. அலுமினிய ஜன்னல் வந்து மர ஜன்னலை ஒதுக்கிவிட்டது. வீட்டுக்கே போய், அளந்து, அந்த இடத்துக்கென்றே செய்ய வேண்டிய வேலையாக மிஞ்சியவற்றில் இந்த மறைப்பு வேலையும் ஒன்று. வெளிப்பார்வைக்குச் சின்ன வேலை. சில பலகை, சில ஆணி. அப்படி நினைத்துச் செய்யப்பட்டவை விழுந்ததைக் கண்டவர் என்பதால் அவர் இதைச் சின்ன வேலையாக எண்ணுவதில்லை.

மறைப்புக் கேட்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அதிலும் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பத்துப் பெண்கள். அவர்கள் வளர்ந்த வளவுகளைச் சுற்றி நின்றது கிடுகு வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்களை நட்டு, குறுக்கே வரிச்சுப் பிடித்து, முடைந்த தென்னோலைக் கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டுவார்கள். கதியால் துளிர்த்து மரமாகும், ஓலை உக்கும், உக்கிய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகும், வேலி மறுபடி அடைக்கப்படும். வேலி எல்லைக்காகக் கோடு கச்சேரி ஏறிய குடும்பங்களும் உண்டு. ஆனாலும் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அந்த வேலி காற்றை விட்டது, கண்ணை விடவில்லை. கிணற்றடியில் குறுக்குக் கட்டோடு நின்று குளிக்கப் பெண்ணுக்கு யோசனை வராது.

கொழும்புக்கு வந்தபின் கல் மதில் கிடைத்தது; அந்த நிம்மதி கிடைக்கவில்லை. ஒரு வீட்டுக்கார அம்மா அவரிடம் சொன்னார்: "அவை பாக்கினம் எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. பாக்கலாம் எண்ட நினைப்பே போதும், கிணத்தடிக்குப் போக மனம் வராது." மறைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. மேல்வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. சொந்த வளவுக்குள் ஒருவர் தோள்களை இறக்கி நிற்க முடிகிறதா என்பதுதான் பேச்சு.

மதிலை உயர்த்தும் பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன் பிறகு மதில் வேலைக்கு ஆள் தேடி வந்தவர்களைப் பற்றித் தகப்பன் சொல்லக் கேட்டிருக்கிறார். உள்ள மதிலின் மேல் நாலு வரி கல், அதன் மேல் சீமெந்தில் குத்தி நிறுத்திய போத்தல் துண்டு. பயத்தில், அவசரத்தில் ஏற்றிய வரிகள் அவை. பழைய சுண்ணாம்புச் சாந்தின் மேல் புதிய சீமெந்துச் சாந்து. இன்று மறைப்பு வேலைக்குப் போகும் இடங்களில் சுவரின் மேற்பகுதியை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தால், அந்த ஒட்டு வரிகள் அசைவதை அவர் கண்டிருக்கிறார்.

அதனால் ஒரு வீட்டுக்குப் போனதும் அவர் முதலில் பார்ப்பது மரத்துக்கான இடத்தை அல்ல, மதிலை. கொழும்பின் பழைய மதில்கள் பல கபுக் கல்லால் ஆனவை. வெட்டும்போது மெதுவாக இருந்து, வெயிலில் இறுகும் சிவப்புக் கல். அதற்குள் ரோல் பிளக் அடித்தால் முதலில் பிடிப்பது போலத் தோன்றும். மழை ஊறியபின் துளை பொடிந்து தளர்ந்துவிடும். அடுத்தது ஒன்பது அங்குலச் செங்கல் மதில். நல்ல சாந்தில் கட்டியிருந்தால் இவற்றுள் இதுவே உறுதி. பிறகு வந்தது நாலரை அங்குல மதில்: செங்கல்லை ஒற்றையாக வைத்து, பத்தடிக்கு ஒரு தூண். அதற்குப் பின் சீமெந்துக் கல். பூச்சு எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் காட்டும். எந்த மதில் எது என்று அறிய அவர் பூச்சைத் தட்டிச் சத்தம் கேட்பார்; கேற் தூணோரத்தில் தடிப்பை அளப்பார்; அடியில் ஈரம் ஏறிப் பூச்சு கொப்புளித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்.

மதிலின் பலம் அதன் பாரத்தில் இருக்கிறது. மேலிருந்து அமுக்கினால் செங்கல் எவ்வளவும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் சாந்து பிரியும். தடிப்பு இரண்டு மடங்கானால் அந்தத் தள்ளலைத் தாங்கும் திறன் நாலு மடங்காகிறது. ஒன்பது அங்குலச் சுவருக்கும் நாலரை அங்குலச் சுவருக்கும் உள்ள வித்தியாசம் பாதி அல்ல, கால்.

தள்ளுவது காற்று. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் ஏறும். வளிமண்டலவியல் திணைக்களம் மணிக்கு 70 கிலோமீட்டர் என்று எச்சரிக்கும் நாட்களில், ஒரு சதுர மீட்டர் பலகையில் அந்தக் காற்று ஏறத்தாழ 24 கிலோ பாரமாக அழுத்துகிறது. வேகம் 100 ஆனால் பாரம் 48 கிலோ. இருபதடி நீளம், மூன்றடி உயரத்துக்கு இடைவெளியில்லாமல் பலகை அடித்தால், 100 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் 260 கிலோவுக்கு மேல் சாய்கிறது. அதுவும் தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில். எஞ்சினியரான வாடிக்கையாளர் ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது: ஆறடி மதில் ஒன்பதடி ஆகும்போது உயரம் ஒன்றரை மடங்குதான் ஆகிறது, ஆனால் மதிலின் அடியில் அதைப் புரட்டப் பார்க்கும் விசை இரண்டேகால் மடங்காகிறது. ஆறடிக்கென்று போட்ட அத்திவாரத்துக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்த பிறகு, கட்டடங்கள் காற்றைத் தாங்குவதற்கான வழிகாட்டி ஒன்று 1980இல் இலங்கையில் வந்தது. நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கொழும்பு காற்றுக் குறைந்த மூன்றாம் வலயத்தில் இருக்கிறது. அந்த வலயத்துக்கே கணக்கில் எடுக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். வீட்டுக் கூரைக்கு இதைப் பார்ப்பவர்கள் கொல்லைப்புற மறைப்புக்குப் பார்ப்பதில்லை.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் ஒழுங்கையில் அவர் நேரில் கண்டார். நாலரை அங்குல மதிலின் உச்சியில் கோண இரும்பை அங்கர் போல்ட்டால் இறுக்கி, அதில் பலகையை நெருக்கி அடித்திருந்தார்கள். செய்தது யாரென்று அவருக்குத் தெரியாது. மழைக்காற்று அடித்த ஓர் இரவில் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, போல்ட்டும் பிடுங்கவில்லை. போல்ட் பிடித்திருந்த மேல் வரிக் கற்கள் அப்படியே பெயர்ந்து, பலகையோடு சேர்ந்து பக்கத்து வீட்டு உடுப்புத் தோய்க்கும் கல்லின் மேல் விழுந்தன. பகலில் அங்கே ஆள் நிற்கும் இடம் அது. மேல் வரியில் துளை போட்டு மறைப்பு ஏற்ற அவர் மறுப்பது அதனால்தான். மேல் வரிக்கு மேலே பாரம் இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பூச்சுச் சாந்து மட்டும்.

அப்படியானால் கால் எங்கே? தரையில். மதிலிலிருந்து ஓரடி, இடமிருந்தால் ஒன்றரை அடி உள்ளே தள்ளிக் குழி எடுக்கிறார். ஒட்டினாற்போல எடுக்க முடியாது. மதிலின் அத்திவாரக் கருங்கல் உள்பக்கமும் அகன்றிருக்கும், அதைத் தோண்டி இளக்கினால் மதிலுக்கே கேடு. மேலே ஒன்பதடி நிற்க வேண்டுமென்றால் கீழே மூன்றடி இறங்க வேண்டும் என்பது அவர் கைக்கணக்கு. வெள்ளவத்தையில் கடலோர மண்; குழியின் ஓரம் சரிந்துகொண்டே இருக்கும். பழைய பெயின்ட் வாளியின் அடியை வெட்டி எடுத்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, அதற்குள் கொங்கிரீட் போடுகிறார். கொங்கிரீட்டின் தலை தரைக்கு இரண்டு அங்குலம் மேலே வரவேண்டும். நாலா பக்கமும் சரிவாகக் கரண்டியால் மழித்துவிட வேண்டும். தூணைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் துரு அங்கேதான் தொடங்கும்.

தூணுக்கு அவர் மூன்று அங்குல ஜிஐ பொக்ஸ் பார் எடுக்கிறார். ஆறடிக்கு ஒன்று. மரத் தூணை மண்ணுக்குள் புதைப்பதில்லை. எவ்வளவு வைரம் பாய்ந்த மரமானாலும் மண்ணும் காற்றும் சேரும் அந்த நாலு அங்குலத்தில்தான் உக்கும், கறையானும் அங்கேதான் ஏறும். மரத் தூண்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்பட்டால், கொங்கிரீட்டில் இரும்புக் காலைப் பதித்து, அதன் மேல் மரத்தைத் தரைக்கு மூன்று அங்குலம் மேலே நிறுத்தி போல்ட் போடுவார். பொக்ஸ் பாரின் மேல்வாயைத் தகட்டால் மூடி வெல்டிங் செய்துவிடுவார். திறந்து விட்டால் மழைத் தண்ணீர் நின்று நுளம்பு முட்டையிடும். மூங்கில் மறைப்புகளில் மேல் கணு வெட்டப்பட்டிருந்தால் அதுவும் இப்படித்தான். 2017இல் இலங்கையில் டெங்கு சந்தேக நோயாளிகளின் எண்ணிக்கை 1,86,000ஐத் தாண்டியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் பூச்சாடியை மட்டும் பார்க்க மாட்டார்.

ஒன்பது அங்குல மதில், நல்ல சாந்து, வெடிப்பில்லை என்றால் அவர் கொஞ்சம் இளகுவார். அப்போதும் உச்சியைத் தொடமாட்டார். தூணை மதிலின் உள்முகத்தோடு நிறுத்தி, மேலிருந்து ஓரடி விட்டு, அதற்குக் கீழே மூன்று இடத்தில் சுவரை ஊடுருவும் போல்ட் போட்டு, மறுபக்கம் அகலமான தகட்டு வாசர் வைப்பார். மறுபக்கம் போல்ட் தலை தெரியும் என்பதால் பக்கத்து வீட்டுச் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஆகவே பெரும்பாலும் தனிக்காலே தீர்வு.

ஓரடி இடம் போகிறதே என்ற வருத்தம் எல்லா வீட்டிலும் வரும். ஏழடி முற்றத்தில் ஓரடி என்பது சின்ன விஷயம் அல்ல. அவர் அதை மறுப்பதில்லை. அந்த ஓரடியில் கற்பூரவள்ளியும் கறிவேப்பிலையும் வைக்கலாம் என்பார். ஆனால் அந்த ஓரடிக்குச் சட்டத்திலும் மதிப்பு இருக்கிறது.

மதில் யாருடையது? உறுதியை எடுத்து, நில அளவைப் படத்தில் எல்லைக்கோடு மதிலின் நடுவில் ஓடுகிறதா, வெளிமுகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களில், ஜம்பட்டா வீதிப் பக்கம் போல வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடங்களில், மதில் இருவருக்கும் பொதுவாக இருப்பது சாதாரணம். பொது மதிலின் மேல் ஒருவர் தன்னிஷ்டத்துக்கு ஏற்றினால் அது வழக்குக்கு வழி. இலங்கையில் இத்தகைய விஷயங்களில் இன்றும் பேசுவது ரோமன் டச்சுச் சட்டம்; கூரைத் தண்ணீர் அடுத்தவன் நிலத்தில் சொட்டுவதைக்கூட அது தனி உரிமையாகப் பார்க்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தடையில்லாத பத்து வருட ஆட்சியை உரிமையாக ஏற்கிறது. பத்து வருடம் நின்ற தூணைப் பற்றி நாளை யார் எப்படிப் பேசுவார் என்று தெரியாது. தூண் சந்தேகமில்லாமல் சொந்த நிலத்தில் நின்றால் அந்தப் பேச்சே எழாது. மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபை விதிகளிலும் உயரத்தைக் கேட்டுத் தெளிந்த பிறகே அவர் முற்பணம் வாங்குகிறார். "பலகைதானே, யார் கேட்கப் போறாங்க" என்பவரிடம், கேட்பது பெரும்பாலும் சபை அல்ல, பக்கத்து வீடுதான் என்பார்.

பக்கத்து வீட்டுக்கு வீட்டுக்காரர் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைக்கும் நிபந்தனை. ஓடாவி போய்ச் சொன்னால் அது அறிவிப்பு. வீட்டுக்காரர் போனால் அது மரியாதை. வெள்ளவத்தை வீடொன்றில், சொல்லப் போனபோது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களக் குடும்பம் தங்கள் சமையலறைக்கு வெளிச்சம் குறையும் என்று கவலைப்பட்டது. அந்த ஜன்னலுக்கு நேரான ஆறடியில் மட்டும் இடைவெளியைக் கூட்டி ரீப்பை அடித்தார். இரண்டு வீடும் ஒத்துக்கொண்டன. சொல்லாமல் அடித்திருந்தால் அதே ஆறடி பத்து வருடப் பகையாகியிருக்கும்.

இடைவெளி விட்டால் தெரியாதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்தான் அவர் தொழில் துலங்குகிறது. நெருக்கி அடித்த பலகை, கட்டுமரத்தில் ஏற்றிய பாய் மாதிரி காற்றை முழுதாக வாங்கும். ஆகவே அவர் பலகையைப் படுக்கையாக, ஒவ்வொன்றையும் சாய்த்து வைக்கிறார். நாலு அங்குலப் பலகை, வெளி ஓரம் தாழ்ந்து, உள் ஓரம் உயர்ந்து. மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி வரும் பார்வை பலகையின் முகத்தில் முட்டி நிற்கும். முற்றத்தில் நிற்பவர் மேல்நோக்கிப் பார்த்தாலும் பலகையின் முதுகுதான் தெரியும்; ஆக, மேல்வீட்டாருக்கும் மறைவு கிடைக்கிறது. சாய்ந்து வரும் மழையும் அதே சாய்வில் வெளியே வழிந்து, தூண் உள்ளே தள்ளி நிற்பதால், சொந்த நிலத்திலேயே விழுகிறது. காற்று மட்டும் இடையால் புகுந்து போகும். சாய்வு சரியா என்று பார்க்க, இரண்டு பலகையைத் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு, உதவிக்கு வரும் பையனைக் கிணற்றடியில் நிற்கச் சொல்வார். பக்கத்து வீட்டார் அனுமதித்தால் அவர்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார். பையனின் தலை மறையும்வரை பலகையைத் திருப்புவார். மறைந்த இடத்தில் பென்சில் கோடு. மீதிப் பலகை எல்லாம் அந்தக் கோட்டின் அச்சு.

மூன்றடி எவ்வளவு தூரம் மறைக்கும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். மதிலிலிருந்து பத்தடி தள்ளி அடுக்குமாடி. முதலாம் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து பதினைந்து அடியில். ஆறடி மதில் என்றால், ஐந்தடி உயரமுள்ள பெண் மதிலை ஒட்டி ஓரடிக்குள் நின்றால்தான் மறைவார். ஒன்பதடி ஆனதும் மதிலிலிருந்து ஆறரை அடிவரை மறைவு. கிணறும் கொடியும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டாம் மாடிக் கண் இருபத்தைந்து அடியில்; அதற்கு இதே மறைப்பு இரண்டரை அடிக்கு மேல் உதவாது. அதற்கு மேலுள்ள மாடிகளுக்கு எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. அப்படி உயர்ந்த மாடிகள் பார்க்கும் வீடுகளில் அவர் மறைப்பை உயர்த்தாமல், அதன் தலையிலிருந்து வீட்டுச் சுவர்வரை ரீப்பைப் பந்தல் இழுக்கிறார். பாகலோ முல்லையோ ஏறினால் கிணற்றடிக்குக் கூரை கிடைத்துவிடும். மேலிருந்து வரும் கண்ணுக்குப் பந்தல்தான் மருந்து.

கொழும்பில் இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் யோசித்தவர் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. 1960களின் தொடக்கத்தில் ஏனா த சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு, நெருக்கமான நகர நிலத்தில் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி, முற்றத்தைச் சுற்றி உள்நோக்கித் திரும்பி நின்றது. அந்த வீடு பிற்காலத்தில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டை லுணுகங்கையில் மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்கும் அதே அறிவுதான்: வெளியை மூடு, நடுவைத் திற. ஏற்கெனவே கட்டி முடிந்த ஏழு பேர்ச் வீட்டுக்காரரால் வீட்டைத் திருப்ப முடியாது. அவருக்கு மிஞ்சுவது மதிலோரம்.

இனி மரம். பலாவும் தேக்கும் கேட்பவர் உண்டு, கொடுப்பவர் குறைவு. பலா மரம் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். விலையும் கைக்கு எட்டாது. மகோகனி கிடைக்கும், வெள்ளைப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்தால் நிற்கும். இறப்பர் மரம் மலிவு என்று சிலர் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அதற்கு ஏற்றும் போரோன் மருந்து வீட்டுக்குள் நல்லது. மழையில் கரைந்து போய்விடும், பிறகு புழு. அழுத்தத்தில் மருந்தேற்றிய பைன், கணக்குக்கும் கைக்கும் ஒத்துவருகிறது. அதன் வெட்டுத் துண்டுகளை அடுப்பில் வைக்கக்கூடாது என்று போகும்போது வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்; அந்தப் புகையில் நஞ்சு உண்டு.

துறைமுகம் கொட்டாஞ்சேனைக்குப் பக்கம் என்பதால் கப்பலில் வந்த பலட் பலகையும் மலிவாகக் கைமாறும். அதில் எச்.டி. என்று முத்திரை இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை சூட்டில் அரைமணி நேரம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், எம்.பி. என்றால் மெதைல் புரோமைட் புகை போட்டது. எச்.டி. என்றால் கறையான் வராது என்று விற்பவர் சொல்வதுண்டு. சூடு உள்ளே இருந்த புழுவைக் கொன்றது, அவ்வளவுதான். நாளை வரும் கறையானுக்கு அந்த மரம் வெறும் மரம். அவர் மனம் நாடுவது இடித்த வீட்டுப் பழைய தேக்கை. பல பருவமழை கண்டு முறுகி முடித்த மரம் இனி முறுகாது. ஆணி ஓட்டையை அடைத்து, வாள் பிடித்தால் உள்ளே எண்ணெய் மணம் அப்படியே இருக்கும்.

எந்த மரமானாலும் வெட்டு முனைதான் அதன் வாய். நார் வழியாகத் தண்ணீர் ஏறும் வேகம் பக்கவாட்டில் ஏறுவதைவிடப் பல மடங்கு. பலகைக்குச் சொலிக்னம் என்ற மர மருந்தைப் பூசுபவர்கள் முகத்துக்கு இரண்டு கை பூசி, முனையை விட்டுவிடுகிறார்கள். அவர் ஒரு தகர டப்பாவில் மருந்தை ஊற்றி, வெட்டிய ஒவ்வொரு முனையையும் அதில் நிறுத்தி வைப்பார். பலகை அடித்து வரும்போது அரை அங்குலம் வெட்ட நேர்ந்தால், அந்தப் புது முனைக்கும் அதே குளிப்பு. வார்னிஷ் பக்கம் போகமாட்டார். கடற்கரை வெயிலில் அது தோலாக உரியும். உரிந்ததைச் சுரண்டாமல் மேலே பூச முடியாது. ஊறும் எண்ணெய் மருந்தென்றால் வீட்டுப் பையனே துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூசிவிடலாம்.

ஆணியில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் அலை உடைகிறது; உப்புக் காற்று பூச்சு ஆணியைத் தின்றுவிடும். தேக்கிலும் பலாவிலும் இருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுப்புக் கண்ணீராகப் பலகையில் வழியும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பழைய சோனகத் தெருக் கடைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ என்று கேட்டால் பெரும்பாலும் 304 தருவார்கள். கடலோரத்துக்கு 316 வேண்டும். அதில் மொலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்கும். கொட்டாஞ்சேனையின் உட்தெருக்களுக்கு 304 போதும் என்பது அவர் கணிப்பு. கடலைப் பார்த்த ஒழுங்கைக்குப் போதாது. துளையைப் பலகையில் ஸ்குரூவின் தடிப்பைவிட மயிரளவு பெரிதாகப் போடுவார். மாசியில் சுருங்கி வைகாசியில் ஊதும் மரத்துக்கு அசைய இடம் வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முனையிலிருந்து வெடிக்கும்.

அண்மைக் காலமாக மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த பலகை வந்திருக்கிறது. கறையான் சீண்டாது, பூச்சு வேண்டாம் என்று இளம் வீட்டுக்காரர்கள் அதைக் கேட்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதில்லை. மரத்தைவிடப் பாரம் கூடுதல், வெயிலில் இளகித் தொய்யும். ஆகவே தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இன்னும் இரண்டு நிலைக்கம்பு வேண்டும் என்று கணக்கைக் கூட்டிக் கொடுக்கிறார். கணக்கைப் பார்த்துச் சிலர் பைனுக்குத் திரும்பிவிடுவார்கள், சிலர் திரும்புவதில்லை. எதைத் தெரிவு செய்தாலும் குழியின் ஆழமும் தூணின் தடிப்பும் பலகையின் சாய்வும் மாறாது.

வேலை முடிந்து மிச்சப் பணத்தை வாங்கும்போது, முதல் பருவக்காற்று ஓய்ந்ததும் தன்னைக் கூப்பிடச் சொல்கிறார். ஆவணி புரட்டாசி வாக்கில் வந்து, ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துக் கால் சுற்று இறுக்கி, கொங்கிரீட் தலையில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, கறையான் மண் கோடு ஏறியிருந்தால் தட்டிவிட்டு மருந்து விடுவார். அதற்குக் காசு வாங்குவதில்லை. கூப்பிட மறந்த வீடுகளுக்கும் அந்தப் பக்கம் வேலை வரும்போது போய்க் கேற்றைத் தட்டுகிறார்.